வலப்பக்க ஆசனம்

எம்பெருமானுக்கு வாகனங்கள் பல. மயில் உண்டு, ஆட்டுக்கடா உண்டு, பிணிமுகம் என்னும் யானையும் உண்டு. புலவர்கள் அவற்றையெல்லாம் உருகிப் பாடியிருக்கிறார்கள். ஆனால் வட இலண்டனில், எட்மண்டனில், ஒரு கோடைகால ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் யுத்தகாலத்து ஜீப் ஒன்றில் எழுந்தருளினார் என்பதை எவரும் பாடவில்லை. பாடாமல் விட்டதே நல்லது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

இப்போது இந்த நகரில் தேர் ஓடுகிறது. பொலிசார் வீதியை மறித்துத் தருகிறார்கள். தேங்காய்கள் குவியல் குவியலாய் உடைகின்றன. பேரப்பிள்ளைகள் கைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கிறார்கள். கூட்டத்தோடு நானும் கைகளைக் கூப்புகிறேன். கூப்பிய கணத்திலேயே வேறொருவருடைய கூப்பிய கைகள் நினைவில் எழ, தலையைத் தாழ்த்திக்கொள்கிறேன். அருகில் நிற்பவர்கள் அதைப் பக்தி என்று கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எட்மண்டனில் தமிழ்க் குடும்பங்கள் மிகச் சில. கோயில் என்று நாங்கள் சொல்லிக்கொண்டது ஒரு வாடகை மண்டபத்தை. வார நாள்களில் அங்கே பையன்கள் குத்துச்சண்டை பழகுவார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் வியர்வை நெடி போக ஜன்னல்களைத் திறந்து, சாம்பிராணி போட்டு, அதன்பிறகே பூசை. முருகப்பெருமானின் ஐம்பொன் திருமேனி மற்ற நாள்களில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் வீற்றிருக்கும். அதை இலண்டனுக்குக் கொண்டுவந்தவர் பெரியப்பா, என் தந்தையின் தமையன்.

பெரியப்பா கொழும்பில் இரும்புக் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த வேட்டியோடும் துணியிற் பொதிந்த திருமேனியோடும் எங்கள் வாசலில் வந்து இறங்கினார். விசா முடிய முடிய நீட்டித்துக்கொண்டு எங்களோடு இருந்தார். ஆங்கிலம் அவருக்கு ஓரளவு விளங்கும், பேச வராது. ஆகவே வெளியுலகத்தோடு அவருக்கு இருந்த தொடர்பு நான்தான். கடையில் வெற்றிலை கேட்பது முதல் பஸ் நடத்துநரோடு சண்டை பிடிப்பது வரையில் அவருடைய வாயாக நான் இருந்தேன். அதில் எனக்கு அளவு கடந்த பெருமை.

அந்த வருடம் திருவிழாச் சபையார் சுவாமியை வீதிவலம் கொண்டுவருவது என்று தீர்மானித்தார்கள். தோளில் சுமக்க ஆள் போதாது. தேர் இல்லை. அப்போதுதான் பெரியப்பாவுக்கு அடுத்த வீட்டுப் பின்முற்றத்தில் தார்ப்பாயால் மூடிக் கிடந்த ஜீப் நினைவுக்கு வந்தது.

அதன் சொந்தக்காரர் கவுன்சிலில் குப்பை லொறி ஓட்டுபவர். யுத்தத்தின்போது பிரித்தானியக் கடற்படையில் சாரதியாய்த் திருகோணமலையில் இருந்தவர். எங்கள் வீட்டில் அவருக்கு ஜீப்காரர் என்றே பெயர். சனிக்கிழமைகளில் தார்ப்பாயை விலக்கி ஜீப்புக்கு அடியில் படுத்திருப்பார். என்னைக் கண்டால் திருகோணமலையில் கற்றுக்கொண்ட "சுறுக்கா வா" என்ற இரண்டு சொற்களையும் சொல்லுவார். ஒருமுறை அதன் பக்கத்தகட்டைக் கத்திமுனையால் சுரண்டிக் காட்டினார். மேலே கடற்படையின் சாம்பல் நிறம். அதன்கீழே விமானப்படையின் நீலம். அடியில் தரைப்படையின் பச்சை. மூன்று படைக்கும் உழைத்த வண்டி, தன்னைவிட அதிக இடம் பார்த்தது என்றார்.

அன்றே அந்த வண்டியின் ஒரு விசித்திரத்தையும் விளக்கினார். அது அமெரிக்காவில் செய்யப்பட்டது. ஆகவே ஸ்டியரிங் இடப்பக்கம். இலங்கையிலும் இங்கிலாந்திலும் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகவே ஓடுகின்றன. அதனால் இந்த ஜீப்பை ஓட்டுபவர் நடைபாதை ஓரத்தில் இருப்பார். நடுவீதிப் பக்கம் இருப்பவர் அருகில் அமர்ந்தவர். திரும்பும் விளக்குகள் ஜீப்புக்குக் கிடையா. வலப்பக்கம் திரும்பும்போது பின்னால் வருபவர்களுக்குக் கையை நீட்டிக் காட்ட ஓட்டுநரால் முடியாது. வலப்பக்க ஆசனத்தில் இருப்பவரே காட்ட வேண்டும். திருகோணமலையில் அந்த ஆசனத்தில் அவரோடு இருந்தவர் ஒரு தமிழ் இளைஞராம். தான் தலையை அசைத்தால் போதும், அவன் கை வெளியே போய்விடும், தான் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை என்றார். அவனை நம்பாமல் அந்த வண்டியை ஓட்டியிருக்க முடியாது என்றும் சொன்னார். ஜீப்பின் பின்புறத்தில், இடப்பக்கம் ஸ்டியரிங், சைகை இல்லை, கவனம் என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. இப்போது அவருடைய மனைவிதான் அந்த ஆசனத்தில் அமர்ந்து கை காட்டுவார்.

ஜீப் கேட்கப் பெரியப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"அவரிட்டைக் கேள் பிள்ளை, சுவாமியை ஏத்த வண்டி தருவாரோ எண்டு."

நான் கேட்டு முடிப்பதற்குள் ஜீப்காரர் தார்ப்பாயின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். திருகோணமலையில் இரவில் சுவாமி வரும்போது படை வண்டிகள் எல்லாம் ஒதுங்கி நிற்குமாம். தன்னுடைய ஜீப்பும் ஒதுங்கி நின்றதாம். இந்த முறை சுவாமி ஏறியே வரட்டும் என்றார்.

அன்று மாலை சபையார் எங்கள் முன்னறையில் கூடினார்கள். வண்டி கிடைத்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வண்டிக்காரரை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

"மாடு தின்னுற ஆள். சுவாமிக்கு முன்னாலை அவரை இருத்துறதோ?" என்றார் சபைத் தலைவர்.

"அப்ப நீர் ஓடுமன்," என்றார் என் தந்தை.

"எனக்கு ஏலாது. ஸ்டியரிங் பிழையான பக்கத்திலை கிடக்கு."

"பிழையான பக்கத்திலை ஓடத் தெரிஞ்ச ஒரே மனுசன் அவர்தான். என்ன செய்யப் போறியள்?"

பெரியப்பா ஒரு வழி சொன்னார். ஜீப்காரர் மூன்று நாள் மச்சம் மாமிசம் தொடாமல் இருக்க வேண்டும். அன்று காலை முழுகிவிட்டு வெறுங்காலோடு ஓட்ட வேண்டும். இதைச் சொல்லிவர என்னை அனுப்பினார்கள். அவர் கேட்டுவிட்டு முட்டை சாப்பிடலாமா என்றார். நான் ஓடிவந்து கேட்டேன். ஆகாது. சீஸ்? அதற்குச் சபையில் சிறு விவாதம் நடந்தது. பாற்பொருள்தானே என்று அனுமதி கிடைத்தது. ஜீப்காரர் அந்த மூன்று நாளும் ரொட்டியும் சீஸும் தின்று குப்பை அள்ளினார். மதில் மேலாக என்னைக் கண்டபோதெல்லாம் வயிற்றைத் தடவிக் காட்டிச் சிரித்தார்.

அடுத்ததாக அவருடைய மனைவி. வலப்பக்க ஆசனம் வெறும் ஆசனமல்ல, வேலையுள்ள ஆசனம் என்று நான் சொன்னதைச் சபையார் கேட்டார்கள். ஆனால் ஓட்டுநரை விலக்க முடியாதென்றால் இன்னொரு அன்னியரையாவது விலக்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றியது. தவிரவும், வலப்பக்கத்தில் அமர்ந்து வருவது ஒரு பேறு; அதை நம்மவர் ஒருவர் பெறாமல் ஏன் விடுவது?

"திருமேனி கொண்டுவந்தவர் இருக்கிறார். அண்ணைதான் அதிலை இருக்கவேணும்," என்றார் தலைவர். பெரியப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த அம்மாளிடம் இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. "பிள்ளையை விடுங்கோ. பிள்ளை சொன்னால் கோவிக்க மாட்டா," என்றார்கள். நான் போனபோது அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று புதுத் தொப்பி ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஓரத்தில் துணிப்பூ தைத்திருந்தது. நான் ஒப்புவித்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, பூவை ஒருமுறை நீவிவிட்டு, தான் நடைபாதையில் நடந்துவரலாமா என்று கேட்டார். அதைச் சபையில் கேட்கத் தேவையில்லை என்று எனக்கே தோன்றியது, வரலாம் என்றேன். அந்த ஒரு வாக்கை நானாகவே கொடுத்ததை எண்ணிச் சில நாள் கர்வமாய்த் திரிந்தேன்.

திருவிழாக் காலை. ஜீப்பைக் கழுவி மஞ்சள்நீர் தெளித்தார்கள். பின்னிருக்கையின்மேல் பலகை போட்டுக் கயிற்றால் இறுக்கி அதன்மேல் திருமேனியை எழுந்தருளச் செய்தார்கள். வார நாளில் தபாற்கந்தோரில் வேலை செய்யும் ஐயர் ஒரு கையால் திருவாசியைப் பிடித்தபடி நின்றார். சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முன்னுக்கு வாழைக்குலை, பக்கங்களில் மாவிலை. பின்னுக்கு வந்த பெரியப்பாவின் கண்ணில் அந்த வெள்ளை எழுத்து பட்டது.

"என்ன இது, சுவாமிக்குப் பின்னாலை விளம்பரம் மாதிரி? மறையுங்கோ."

அம்மாவின் அரக்குப் பட்டுச்சேலை வந்தது. இடப்பக்கம் ஸ்டியரிங், சைகை இல்லை, கவனம் என்பதெல்லாம் அதன் சரிகைக்குப் பின்னால் மறைந்தன. அழகாகத்தான் இருந்தது.

ஜீப்காரர் முழுகித் தலையை வாரி, வெள்ளைச் சட்டையோடு, சப்பாத்தில்லாமல் வந்தார். எங்கள் வழக்கம் அறிந்து திருநீற்றுக்கு நெற்றியைக் காட்டினார். ஐயர் சிறிது தயங்கி, மேலிருந்து தூவிவிட்டார். பிறகு ஜீப்காரர் பெரியப்பாவிடம் வந்து, என்னை நடுவில் வைத்துக்கொண்டு, செய்ய வேண்டியதைச் சொன்னார். வீதியை மறிக்க எங்களுக்கு அனுமதி இல்லை. அடியார்கள் நடைபாதையில் நடப்பார்கள். ஜீப் மற்ற வாகனங்களோடு மெதுவாய் ஓடும். பூங்காவுக்குப் போகும் தெரு வலப்பக்கம் பிரிகிறது. அந்த முனையில் தான் தலையை அசைக்கும்போது பெரியப்பா வலது கையை முழுதாக வெளியே நீட்ட வேண்டும். திரும்பி முடியும்வரை மடக்கக்கூடாது. நீட்டியும் காட்டினார். நான் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன்.

"ஓம், ஓம். எனக்கு விளங்குது. நான் கொழும்பிலை கார் ஓடினனான் எண்டு சொல்லு," என்றார் பெரியப்பா.

என்னை வலப்பக்க ஆசனத்துக்குப் பின்னால், திருவடிக்குக் கீழே, தேவையானபோது மொழிபெயர்க்கவென்று செருகி இருத்தினார்கள்.

முதல் வெட்கம் எனக்கு அங்கேயே வந்தது. பிரதான வீதியில் ஏறியதும், மிட்டாய்க் கடை வாசலில் என் வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள். வாழைக்குலை கட்டிய ஜீப்பையும், பூமாலைக்கிடையில் எட்டிப் பார்க்கும் என்னையும் கண்டு ஒருத்தி மற்றவளின் தோளைத் தட்டினாள். நான் குனிந்து செருப்பில்லாத என் காலைப் பார்த்துக்கொண்டேன். உலகத்தில் இதைவிடப் பெரிய வெட்கம் இராது என்று நினைத்தேன். அது எவ்வளவு சின்ன வெட்கம் என்பதை அந்தத் தெரு முடிவதற்குள் அறிந்தேன்.

நடைபாதையில் அரோகரா ஒலி எழுந்தது. வழியில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பெரியப்பா அதைக் கண்டார். அவருடைய முகம் கனிந்தது. கைகள் தாமாகவே நெஞ்சுக்கு நேரே கூம்பின. கண்களில் நீர் தளும்பியது. கடையும் வீடும் போனபின் அவர் அப்படி இருந்ததை நான் கண்டதில்லை. அவர் கொண்டுவந்து சேர்த்த பெருமான் அந்நிய மண்ணின் வீதியில் வலம் வருகிறார். அந்தக் காட்சியின் முன்னால் அவருக்கு வீதி இல்லை, ஜீப் இல்லை, ஒன்றுமில்லை.

முனை வந்தது. ஜீப்காரர் வேகத்தைக் குறைத்துத் தலையை அசைத்தார். பெரியப்பா அதைக் கண்டார் என்பதை நான் அறிவேன்; அவருடைய முகம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்பி மீண்டது. கைகள் அசையவில்லை.

"பெரியப்பா, கை," என்றேன்.

"சத்தம் போடாதை பிள்ளை. சுவாமி வரேக்கை கும்பிட்ட கையை எடுக்கிறதோ?"

ஜீப்காரர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. திருகோணமலையில் பார்த்திராததைப்போலவே பார்க்கவில்லை. திருப்பினார்.

பின்னால் வந்த மோட்டார்சைக்கிள் எங்களை முந்திச் செல்ல வலப்பக்கமாய் ஏறியது. ஜீப்பின் முன்சக்கரத்தருகே மோதி, ஓட்டிவந்த இளைஞன் வீதியில் விழுந்து உருண்டான். ஜீப் குலுங்கி நின்றது. கயிறு தளர, திருமேனி சாய்ந்தது. ஐயர் அதை மார்போடு கட்டிக்கொண்டார். பூக்கள் தெருவெங்கும் சிதறின.

நடைபாதையில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள். எல்லோரும் சுவாமியிடம் ஓடிவந்தார்கள். பூ மிதிபடாமல் பொறுக்கினார்கள். திருமேனியில் கீறல் விழுந்ததா என்று தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி விம்மி அழுதாள். இளைஞனிடம் ஓடியவர்கள் இருவர்: வெறுங்காலோடு ஜீப்காரர், தொப்பி இல்லாமல் நடைபாதையில் வந்துகொண்டிருந்த அவருடைய மனைவி. அந்த அம்மாள் தன் மேலங்கியை மடித்து அவனுடைய தலைக்குக் கீழே வைத்தார். அடியவரின் துன்பத்தைத் தன் துன்பமாகக் கொள்ளும் பெருமானை நாள்தோறும் பாடுகிறவர்கள் நாங்கள். அன்று அந்தத் தெருவில் எங்கள் முதுகுகள் மட்டுமே அந்த இளைஞனுக்குத் தெரிந்திருக்கும்.

பொலிஸ்காரர் வந்தார். இளைஞனுக்குத் தோளெலும்பு முறிந்திருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. கை காட்டினீர்களா, யார் காட்டியது என்று பொலிஸ்காரர் கேட்டார். ஜீப்காரர் பெரியப்பாவைப் பார்த்தார். கோபமாக அல்ல, ஒருவர் பேசப் போகிறார் என்று வழிவிட்டு நிற்பவரைப்போலப் பார்த்தார். பெரியப்பா சீருடையைப் பார்த்தார். நீட்டிக்க வேண்டிய விசா அவர் நினைவுக்கு வந்திருக்கும். பிறகு சுவாமியின் பக்கம் திரும்பிக்கொண்டார். கைகள் இன்னும் கூப்பியபடியே இருந்தன.

வண்டி என்னுடையது, ஓட்டியது நான் என்றார் ஜீப்காரர். பொலிஸ்காரர் அவ்வளவையும் எழுதிக்கொண்டார்.

அன்று மாலையில் சபையார் பிராயச்சித்தம் பற்றிப் பேசக் கூடினார்கள்.

"ஓடுறவர்தானே பாத்துத் திருப்பவேணும்," என்றார் ஒருவர்.

"மூண்டு நாள் உண்மையா விரதம் இருந்தவரோ, ஆருக்குத் தெரியும்?"

"அதுதான் சுவாமி காட்டிப்போட்டார்."

பெரியப்பா திருமேனியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தந்தையின் காதோரம் போய், "பெரியப்பா கை காட்டேல்லை அப்பா. நான் சொன்னனான்," என்றேன்.

"உன்னட்டை ஆரும் கேட்டவையோ? போய்ப் படி," என்றார் தந்தை. அதட்டவில்லை. அவர் குரல் அவருக்கே பிடிக்காத மாதிரி இருந்தது.

சில வாரம் கழிந்து, கோடை முடிந்து குளிர் தொடங்கிய ஒரு மாலையில் ஜீப்காரர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கோட்டு அணிந்து தலைவாரியிருந்தார். எங்கள் வீட்டுக்கு வர இப்படி அவர் உடுத்தியதில்லை. அம்மா உள்ளே அழைக்க எடுத்த சொல் வாயிலேயே நின்றுவிட, தந்தை வாசலில் போய் நின்றார். நான் மாடிப்படியின் கடைசிப் படியில் இருந்தேன்.

தன்மீது வழக்கு வைத்திருக்கிறார்கள் என்றார் அவர். லொறி ஓட்டியதில் முன்னமே சிறு குற்றங்கள் லைசென்சில் பதிந்திருக்கின்றன. இதுவும் சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும், அதோடு வேலையும் போய்விடும். உங்கள் தமையனார் நீதிமன்றத்துக்கு வந்து, சைகை காட்டும்படி எனக்குச் சொல்லப்பட்டது, நான் காட்டவில்லை என்று மட்டும் சொன்னால் போதும். அவருக்கு ஒன்றும் நேராது, நான் விசாரித்துவிட்டேன். அவரைக் குறைசொல்ல வரவில்லை. கடவுளைக் கண்டதும் மறந்துவிட்டார், அது எனக்கு விளங்குகிறது. இவ்வளவையும் அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி, ஒத்திகை பார்த்து வந்தவரைப்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அவர் அஞ்சியபடியே பின்னால் நடந்தது. லைசென்ஸ் போனது. கவுன்சிலில் அவருக்குத் தெருக் கூட்டும் வேலை கொடுத்தார்கள். பனிக்காலத்தில் எங்கள் வாசலையும் அவரே கூட்டிப் போனார். ஜீப்பை யாரோ வந்து கட்டியிழுத்துச் சென்றார்கள். லொறியில் இருப்பதைவிட நடப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது போலும் என்று நான் எண்ணினேன். அதெல்லாம் பிறகு. அந்த மாலையில் ஒன்றும் முடிவாகியிருக்கவில்லை. எல்லாம் மேல்மாடியில் இருந்த ஒருவருடைய வாயில் இருந்தது.

அவர் மேலே பதிகம் பாடிக்கொண்டிருந்தார். மாலை வழிபாட்டு நேரம். குரல் படியிறங்கி வாசல்வரை வந்தது.

"அண்ணை பூசையிலை இருக்கிறார். இப்ப எழுப்பேலாது," என்பதைத் தந்தை ஆங்கிலத்தில் சொன்னார்.

காத்திருக்கிறேன் என்றார் ஜீப்காரர்.

தந்தை தரையைப் பார்த்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று, "உள்ளுக்கு வந்து இருக்கச் சொல்லுங்கோவன். குளிருக்கை நிக்கிறார்," என்றாள். தந்தை சொல்லவில்லை. ஜீப்காரர் வாசற்படியிலேயே நின்று, தலையைச் சற்றுச் சாய்த்து, மேலிருந்து வரும் பாட்டைக் கேட்டார்.

அப்போது பாட்டு நின்றது.

ஓர் அடியின் நடுவில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் நின்றது. மேலே பலகைத் தளம் கிறீச்சிட்டது. எழுந்தாரா, கால்மாற்றி இருந்தாரா, எனக்குத் தெரியாது. தந்தை நிமிர்ந்து படியைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜீப்காரர் தொப்பியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். 

பெரியப்பாவுக்கு அடி மறந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அந்தப் பதிகம் எனக்கு மனப்பாடம். மாலைதோறும் அவரே சொல்லித் தந்தது. அவர் இடறினால் அடி எடுத்துக் கொடுப்பது என் கடமை என்று எனக்குள் இருந்தது. ஆகவே படியில் எழுந்து நின்று, மேல்மாடி கேட்கும்படி, கணீரென்று அடுத்த சொல்லைப் பாடினேன். அந்த அடி முடியும்வரை பாடினேன்.

மேலே பலகைத் தளம் மீண்டும் கிறீச்சிட்டது. பிறகு அவர் அங்கிருந்து அதைப் பிடித்துக்கொண்டார். முன்னிலும் உரக்கப் பாடினார். அந்தப் பாடல் முடிந்ததும் இடைவெளி விடாமல் அடுத்ததைத் தொடங்கினார், அதன்பின் அடுத்ததை.

ஜீப்காரர் நெடுநேரம் நின்று கேட்டார். பிறகு தொப்பியை அணிந்துகொண்டு, தந்தைக்கு நன்றி சொல்லி, என் பக்கம் திரும்பி, உனக்கு நல்ல குரல் என்று சொல்லிவிட்டுப் போனார். தந்தை கதவை மெதுவாய்ச் சாத்தி, அதன்மேல் கையை வைத்தபடியே நின்றார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அன்னியர் ஒருவர் பாராட்டிவிட்டுப் போகிறார். பிழையில்லாமல் அடி எடுத்துக் கொடுத்த பிள்ளைக்கு வீட்டிலிருப்பவர்கள் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்துவிடுமா என்று, அன்று படுக்கப் போகும்வரை நான் மனம் நொந்துகொண்டிருந்தேன்.